மூன்றாவது லைட்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துத் தொலைபேசி இணைப்புகளை ஈதர்நெட் என்ற கணினி வலைவழியில் கொண்டுவரும் பெட்டி, பதுளைத் தொலைபேசி அலுவலகத்திலிருந்த பொறியாளர் பார்த்தீபனின் பொறுமையைச் சோதித்தது. அவர் கணினியில் ஒரு கோளாறும் காட்டவில்லை. ஆனால் பெட்டியருகே நின்ற காவலாளி வீரய்யா கைபேசியில் வேறு விதமாகச் சொன்னார்.

“மூன்றாவது லைட்டில சிவப்பு இருக்கோ?”

“பளிச்சுன்னு இருக்குங்க ஐயா.”

“திரும்ப நிப்பாட்டிப் போடுங்கோ.”

நான்காவது முறையாகத் தோட்டத்துப் போன்கள் செத்துப் பிழைத்தன.

“இப்ப?”

“அப்படியேதாங்க இருக்கு.”

கோளாறு என்று சிவப்பு எரிய, கணினிக்கு அந்த அலாரத்தையே மறைக்கிற பெட்டியா! பார்த்தீபன் புதுப் பெட்டியோடு ஜீப்பில் மலையேறினார்.

குனிந்து, அந்தச் சிவப்பை விரலால் தொட்டார். அழிந்தது. அடியில் பச்சை விளக்கு எரிந்தது.

“நேத்து ஆயுத பூசைக்கு நம்ம சம்சாரம் வச்ச குங்குமங்க,” என்றார் வீரய்யா. “செவப்பு போகணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காலையிலயே தொடச்சிருப்பேனுங்களே!”