நாலு நொடிக்கு ஒரு விக்கல்

“விக்குடா லார்ஸ். சத்தமா விக்கு.”

மேரன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். கதவைத் திறந்தாயிற்று. பல்கலைக்கழக விடுதியின் ஆய்வாளர் திருமதி கோவல் கையில் அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துணி அலமாரிக்குள்ளிருந்து ‘ப்ளுக்’ என்று ஒரு சத்தம்.

“ஹிக்,” என்றான் லார்ஸ்.

அலமாரிக்குள் அவர்கள் இருவரும் காய்ச்சிய இருபது லிட்டர் பியர் நுரைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜாடியின் மூடியில் செருகிய குழாய் வழியாக நாலு நொடிக்கு ஒரு குமிழி வெளியேறி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. விடுதி அறையில் பியர் காய்ச்சியது தெரிந்தால் பெட்டி படுக்கையோடு வெளியே போக வேண்டியதுதான். அதுவும் கனடாவின் சஸ்காட்டூன் நகரில், ஜனவரி மாதத்து மைனஸ் முப்பது குளிரில்.

அதைவிடப் பெரிய கவலை மேரனின் கையில் நாலாக மடிந்து கிடந்தது. பியர் காய்ச்சும் மாணவர் கழகம் தொடங்குவதற்கான விண்ணப்பம் அது. உறுப்பினர்கள் இருபது பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆலோசகர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் யாராவது ஒருவர் போட வேண்டும், இன்று மாலை ஐந்து மணிக்குள். தவறினால் செப்டம்பர் வரை பேச்சே கிடையாது. அதற்குள் மேரனின் படிப்பே முடிந்துவிடும்.

பதினொரு பேராசிரியர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒருவர் தன் பெயர் கெட்டுவிடும் என்றார். ஒருவர் தான் ஒயின் கட்சி என்றார். ஒருவர் மாதம் எத்தனை பாட்டில் தேறும் என்று கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் எழுந்து போனார். பன்னிரண்டாமவரைப் பிடிக்கக் கிளம்பியபோதுதான் கதவு தட்டப்பட்டது.

திருமதி கோவல் சிரித்து அந்த விடுதியில் யாரும் பார்த்ததில்லை. போன மாதம் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தங்கமீனையே வெளியேற்றியவர் அவர். வந்த வேலை என்னவோ புகை அலாரத்தைச் சோதிப்பதுதான். பொத்தானை அழுத்தினார், அது அலறியது, குறித்துக்கொண்டார். போயிருக்கலாம்.

ப்ளுக். “ஹிக்.”

போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எப்பலேருந்து தம்பி இது?”

“புதன்கிழமை ராத்திரிலேருந்து மேடம். ஹிக்.”

“நாலு செகண்டுக்கு ஒண்ணு வருதே. அதுக்கு முன்னாடி என்ன உள்ள போச்சு?”

லார்ஸுக்குப் பொய் சுட்டுப்போட்டாலும் வராது. ஜாடிக்குள் போனதையே நினைத்துப் பார்லி என்றான். மேரன் அவன் காலை மிதித்ததும் பார்லிக் கஞ்சி என்று திருத்தினான். வெறும் பார்லிதானா என்று அவர் விடாமல் கேட்டார். கொஞ்சம் தேனும் என்றான். எவ்வளவு தேன் என்றார். ஒரு கிலோ என்றான்.

மேரனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அதை அடக்கி, இவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், சாப்பாட்டு ராமன் என்று சமாளித்தாள்.

திருமதி கோவல் அதையும் எழுதிக்கொண்டார். குளிருக்கு என்ன போர்த்துகிறாய் என்று அடுத்த கேள்வி. கம்பளி ஸ்வெட்டர் இரண்டு என்றான் லார்ஸ். பியரை நுரைக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது என்று ஜாடிக்கு அவற்றைச் சுற்றிவிட்டதே அவன்தான். ஆய்வாளர் முகம் சுளித்தார்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிக்கச் சொன்னார். லார்ஸ் குடித்தான். வாய் நிறையத் தண்ணீர் இருந்தபோது அலமாரி ப்ளுக் என்றது.

லார்ஸின் கண்கள் வெளியே வந்துவிடும்போல் இருந்தன.

“ஹிக்,” என்றாள் மேரன். “எனக்கும் தொத்திக்கிச்சு மேடம்.”

அவ்வளவுதான். லார்ஸ் வாயிலிருந்த தண்ணீரையெல்லாம் தன் சட்டைமீதே துப்பிவிட்டான். இரண்டு பேரும் மாற்றி மாற்றி விக்கினார்கள். சிரிப்பு எது, விக்கல் எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. திருமதி கோவல் அலமாரிமேல் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்தார். இந்த அறையில் எத்தனை டிகிரி என்று கேட்டார். இருபத்தேழு என்றாள் மேரன். ரொம்ப அதிகம் என்று தலையை ஆட்டினார். அப்புறம் கையை நீட்டினார்.

“அந்தத் தாளைக் குடு.”

மேரனுக்குச் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. மூன்று மாத அலைச்சல். இருபது பேரின் ஆசை. தலைப்பைப் படித்தாலே போதும், அலமாரி திறந்துவிடும். ஆனாலும் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தாள்.

திருமதி கோவல் நிதானமாகப் படித்தார். மேசைமேல் வைத்து ஏதோ எழுதினார். லார்ஸ் மட்டும் கடமை தவறாமல் விக்கிக்கொண்டிருந்தான். தாளை மடித்து மேரன் கையில் திணித்துவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

மேரன் அதைப் பிரித்தாள். ஆலோசகர் என்ற இடத்தில், குண்டு குண்டாக, இரீனா கோவல் என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

“இவ்வளவு சூட்டுல வச்சா ஈஸ்ட்டு வாழைப்பழ வாடைதான் அடிக்கும்,” என்று தாழ்வாரத்திலிருந்து அவர் குரல் வந்தது. “சாயங்காலமே அந்த நோயாளிய அலமாரிலேருந்து எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வாங்க. எங்க பேஸ்மென்ட்ல பதினெட்டு டிகிரிதான். அங்க ஏற்கெனவே நாலு பேரு விக்கிக்கிட்டு இருக்காங்க.”