அடைப்பு

"மறுபடியும் துணிதான் சார்!"

செப்டிக் டேங்குக்குப் போகிற குழாயிலிருந்து நீளக் கம்பியை இழுத்தெடுத்தார் அடைப்பு எடுக்கிறவர். கம்பி நுனியில், ஊறி உப்பிப்போன பூப்போட்ட தலையணை உறை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது.

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். சமையலறை வாசலில் நின்ற மனைவி, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்தாள்.

"போன தடவை கைப்பிடித் துணி. அதுக்கு முன்னாடி என் பனியன், அதுக்கும் முன்னாடி துண்டு. இப்போ தலையணை உறை. அடுத்து என்ன, மெத்தையா?"

"கை தவறி விழுந்திருக்கும்ங்க."

"பக்கெட்டுல போட வேண்டியது டாய்லெட்டுல விழுற அளவுக்கா கை தவறும்?"

அவள் கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

அவன் கோபம் துணி மேல் மட்டும் இல்லை. டேங்க் அடைத்துக்கொண்டால் குளியலும் மற்றதும் அடுத்த தெருவில், அண்ணன் வீட்டில்தான். அந்த அண்ணனோடுதான் அவன் பேச்சை முறித்துக்கொண்டிருந்தான்.

அப்பா போன பிறகு, முன்னறை யாருக்கு என்று சாதாரணமாக ஆரம்பித்த பேச்சு. வார்த்தை தடித்தது. "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று இவன் கத்த, அண்ணன் குடும்பத்தோடு வெளியேறி அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள். "ரெண்டு மருமகள்களும் சேர்ந்து அண்ணன் தம்பியைப் பிரிச்சுட்டாங்க." மறுத்துப் பேச அவனுக்கும் தோன்றவில்லை. ஒரே சமையலறையில் அண்ணியும் இவளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை அவனே பார்த்திருக்கிறானே!

வீராப்பு ஒரு வருஷம் தாங்கியது. முதல் அடைப்பு வந்த காலையில் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. வயிறு கேட்குமா வீராப்பை?

அன்றைக்கு டேங்க் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அப்பா அதைக் கட்டும்போது கூடவே நின்றவர் அண்ணன்தான். இவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மனைவி போன் போட்டுவிட்டாள்.

அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். இவனைப் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோல, "இங்க தோண்டச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த அடைப்புக்கு, "கம்பியை இந்தப் பக்கமா விடச் சொல்லு" என்று நேராக இவனிடமே சொன்னார்.

அதற்கடுத்த தடவை, தன் வீட்டில் குளித்துவிட்டு வெளியே வந்தவனைப் பார்த்து, "தலையை நல்லாத் துவட்டுடா, சளி பிடிக்கப்போகுது" என்றார். அவன் முறைத்துக்கொண்டே திரும்ப உள்ளே போய் நன்றாகத் துவட்டிக்கொண்டான்.

இன்றைக்கும் அண்ணன்தான், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, டேங்க் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அந்தப் பொண்ணை விடுடா. குழாய் பழசு. அப்பா காலத்துது. எது விழுந்தாலும் அடைக்கத்தான் செய்யும்."

"பழசுதான் சார்" என்றார் அடைப்பு எடுக்கிறவர். "ஆனா பாருங்க, உறையில ரெண்டு முடிச்சு வேற விழுந்திருக்கு."

"தண்ணியில முறுக்கிக்கிட்டிருக்கும்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவசரமாகக் குரல் வந்தது.

"ஆமாமா, தண்ணியே முடிச்சுப் போட்டிருக்கும். கைகாரத் தண்ணி!" என்றான் அவன்.

அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். அதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குழாயைக் கழுவிவிட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிடும். எல்லாரும் அங்க வந்துடுங்க. சாப்பாடும் அங்கயே. உங்க அண்ணி என்ன நெனைச்சாளோ, நேத்தே ஒரு கூட்டத்துக்கு ஆகுற அளவுக்குக் காய் வாங்கி வெச்சிருக்கா."

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க" என்றாள் மனைவி. "நான் அடைப்பு எடுக்கற இவருக்கு டீ போட்டுக் குடுத்துட்டு வர்றேன்."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்றார் அண்ணன், எதிரே வந்த சைக்கிளைப் பார்த்தபடி.

"நானும்தாண்ணா" என்றான் அவன்.

அவ்வளவுதான். அண்ணனின் கை அவன் தோளில் வந்து விழுந்தது. அப்போதுதான், குளிக்கப் போகிறவன் மாற்றுத் துணியே எடுத்து வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நீங்க நடங்கண்ணா, இதோ வந்துடறேன்."

மனசு லேசாகி, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வீட்டுக்குத் திரும்பினான். போனதும் முதல் வேலையாக அவளிடம் நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். பாவம், காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் யாரிடமோ சிரிப்பை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணா நடந்து வர்றாங்கக்கா, வாசல்ல நின்னு பாருங்க! திட்டா? அது கிடக்குது, நமக்கென்ன புதுசா? ஆனா ஒண்ணுக்கா... எப்பவும் எங்க டேங்கே அடைச்சா இவருக்குச் சந்தேகம் வந்துடும். அடுத்த தடவை உங்க வீட்டுல ஒரு துணியைப் போட்டுடுங்க!"