எட்டாவது விரல்

மருத்துவச்சி அறையின் ஜன்னலில் மழை வழிகிறது. பெனியாட் வட்டத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் விரல்விட்டு எண்ணுகிறான். "முப்பாட்டன், முப்பாட்டி எட்டுப் பேரோட குடும்பப் பேரும் சுத்த பாஸ்க் இனப் பேரு. ஆர்.எச். நெகட்டிவ்தானே எங்க ரத்தத்தோட முத்திரை! அவளும் நெகட்டிவ், நானும் நெகட்டிவ். அப்புறம் எதுக்கு அவளுக்கு ஊசி?" ஏழு மாத வயிற்றின் மேல் கைகோத்தபடி அவன் மனைவி இஷோனே மழையைப் பார்க்கிறாள். மருத்துவச்சி அரான்ட்சா அவனுடைய ரத்தச் சோதனைச் சீட்டை மேசைமேல் நகர்த்துகிறாள். "நீ பாசிட்டிவ், தம்பி." எட்டாவது விரல் பாதி மடங்கியபடி நிற்கிறது. "சீட்டு மாறியிருக்கும்." "ரெண்டு தடவை பாத்தாச்சு. வயித்துல இருக்கறதும் உன்ன மாதிரி பாசிட்டிவா இருந்து, ஊசியும் போடலேன்னா, இவ உடம்பே அதோட ரத்தத்தை எதிரின்னு நெனச்சு அழிச்சிரலாம். உன் மூத்தவனும் பாசிட்டிவ்தான்." "எங்கிட்ட யாருமே சொல்லலியே!" இஷோனே அதற்குள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள். "அவன் பொறந்தப்பவே நான் ஊசி போட்டுக்கிட்டேன். உங்கிட்ட சத்து ஊசின்னு சொன்னேன்." "ஏண்டி?" "நீ தொட்டில் மேல குனிஞ்சு, 'சுத்த நெகட்டிவ்டா என் சிங்கம்'னு அழுதுக்கிட்டிருந்த. பாவமா இருந்துச்சு."