முதல் விரல்

ஆறு மணி என்றுதான் அவன் சொன்னான்.

சமையலறையில் நின்ற அவளுக்கு அது நன்றாகவே கேட்டது. மனைவிக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

"காலைல ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். அதுக்கு மேல இவ விரலுக்குத் தொறக்கக் கூடாது. பெல் அடிச்சா நான் போன்ல பாத்துத் தொறந்து விடறேன்."

விரல்ரேகைப் பூட்டு மாட்ட வந்த இருதயராஜ் டிரில்லிங் மெஷினை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, "வெச்சுடலாமுங்க சார்" என்றார். அவருக்கென்ன.

பழைய பூட்டு தரையில் கிடந்தது. அதன் சாவி இன்னும் அவள் கைப்பையில்தான் இருந்தது. இனி அதை வைத்துக்கொண்டு முதுகு சொறியலாம்.



பத்து நாளைக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். குடியிருப்பின் பின்பக்க மைதானத்தில் பெண்கள் த்ரோபால் ஆடுகிறார்கள். மாலை ஆறிலிருந்து ஏழு வரை. கல்லூரி அணியில் ஆடியவள், பதினோரு வருடம் கழித்துப் பந்தைத் தொட்டிருந்தாள். தோள் வலித்தது. வலித்தது பிடித்திருந்தது.

அன்று ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. அவன் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். சாவியை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான். அவள் போன் மைதானத்து ஓரத்தில், பைக்குள் கிடந்து கத்தியது. எதிர் வீட்டுக்காரர் பார்க்க, பூட்டிய கதவின் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றான்.

பதினைந்தே நிமிடம்.

அதற்கு இந்தப் பூட்டு.

ஆடப் போகாதே என்று அவன் வாயால் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். பூட்டு சொன்னால் யாரோடு சண்டை போடுவது? போ. ஆடு. திரும்பி வந்து வாசலில் நில். வியர்த்து ஊற்ற ஊற்ற பெல்லை அடி. அவன் எங்கேயோ உட்கார்ந்து போனில் உன் முகத்தைப் பார்ப்பான். மனசு வந்தால் திறப்பான். எதிர் வீட்டுக்காரருக்கு இந்த முறை நீ வேடிக்கை.

எவ்வளவு மரியாதையான ஏற்பாடு.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துருமுங்க. அதுக்குள்ள விரலை வெச்சு ஆரம்பிச்சிரோணும்."

அவன் பறந்தான். வெள்ளிக்கிழமை வேறு. இதிலெல்லாம் அவன் கறார். புது மிக்ஸி வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் அரைக்க விடமாட்டான்.

இருதயராஜ் கடைசித் திருகை முடுக்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், மொத விரல் யாருதுங்க? ஏன்னா, ஒருக்கா வெச்சுட்டா..."

"இதென்னங்க கேள்வி? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டு மகாலட்சுமி கைதான் மொதல்ல படோணும். அம்மிணி! குங்குமம் எடுத்துட்டு வா, சீக்கிரம்!"

மகாலட்சுமி.

ஆறு மணி வரைக்கும் மகாலட்சுமி.

குங்குமச் சிமிழை அவன் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. கவிழ்க்கவில்லை. பூட்டின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தாள். ஒன்று விரல் வைக்கும் கண்ணாடியில் வழிந்துவிட்டது. இருதயராஜ் பதறிப்போய்த் துடைத்தார்.

அழுத்தினாள். எடுத்தாள். அழுத்தினாள். ஐந்து முறை கேட்டது அது. ஐந்து முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

மணி பத்து இருபத்தெட்டு. அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இப்ப என் போனைச் சேருங்க. இவளுக்கு நேரத்தை நானே வெக்கறேன்."

போனில் தட்டினான். பூட்டு விரல் கேட்டது. அவன் தன் விரலை வைத்தான்.

சிவப்பு.

கட்டைவிரலை வைத்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். இடது கையை வைத்தான்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

இருதயராஜ் தொண்டையைச் செருமினார்.

"அதுக்குத்தானுங்க சார் கேட்டேன். மொத விரல்தான் இதுக்கு ஓனர். போன் சேக்கறது, நேரம் வெக்கறது, இன்னொருத்தரு விரலைப் பதியறது, எல்லாத்துக்கும் அந்த விரலு வெச்சாத்தானுங்க கேக்கும்."

"அப்ப அதை அழிச்சுட்டு முதல்ல இருந்து வைங்க."

"அழிக்கறதுக்கும் மேடம் விரல்தானுங்க. இல்லீன்னா இதைக் கழட்டிக் கம்பெனிக்கு அனுப்போணும். வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்."

பத்து நாள் கதவில் ஓட்டையோடு இருக்க முடியாது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து முப்பத்திரண்டு. ராகுகாலத்தில் அவன் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

அவனுக்கு வேர்த்தது.

"அம்மிணி, இங்க வா. சும்மா ஒருக்கா விரல வை."

பத்து நாளில் இப்போதுதான் குரல் இறங்கியிருந்தது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுள்ளென்று இருந்த கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. திறக்கட்டும்.

நிதானமாக விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். விரலை வைத்தாள்.

பச்சை.

அடுத்த ஆளைச் சேர்க்கச் சொல்லி விளக்கு மினுங்கியது. அவன் அவசரமாக விரலை நீட்டினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து மூடியே இருந்த வாயைத் திறந்தாள்.

"ஏனுங்ணா, இவருக்கு எத்தன மணி வரைக்கும் வெக்கலாம்?"