எடை பார்க்கும் நாள்

"ஏறு. மூச்சை அடக்கிக்கிட்டு நின்னா முள்ளு குறையாது. விடு!"

அவள் மூச்சை விட்டாள். முள் ஆடி ஆடி நின்றது.

"ஐம்பத்தெட்டு!" சூப்பர்வைசர் அக்கா கத்தினாள். "வெட்கமா இல்லை? இன்னும் மூணு ஏறினா வீட்டுக்குத்தான் போகணும், ஞாபகம் இருக்கட்டும். கடையில ஜன்னல்ல நிக்கிற பொம்மையைப் பாரு, உன்னையும் பாரு. வாயைத் தைச்சுக்கோடி!"

மாதப் பிறப்பு வந்தால் அந்தத் துணிக்கடையில் இந்தக் கூத்துதான். கவுண்டரில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னறைக்கு வந்து எடை மெஷினில் ஏறி இறங்க வேண்டும். அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை காலி. ஒல்லியாக இருந்தால்தான் துணி விற்கும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.

எடை பார்க்கும்போது அவர் உள்ளே வர மாட்டார். பெண்கள் கூச்சப்படுவார்களாம், அவ்வளவு கண்ணியம்! பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். எல்லாம் முடிந்த பிறகு வந்து அவரும் ஒரு தடவை ஏறிப் பார்ப்பார். "நானே குறைஞ்சிருக்கேன், உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்று தொப்பையைத் தட்டிக்கொண்டு போவார்.

இதுவரை யாரும் அறுபதைத் தாண்டியதில்லை. எல்லாம் சூப்பர்வைசரின் வாய்க்குப் பயந்துதான் என்று அவருக்கு ஏகப் பெருமை. பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தராசு.

"தராசுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்லை அங்கேயும் முள்ளுதானா?" என்று பக்கத்துக் கவுண்டர்காரி, மெஷினிலிருந்து இறங்கி வந்தவளின் காதைக் கடித்தாள்.

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வீட்டிலும் இதே பாட்டு. "உன் வயசுல நான் ஊசி மாதிரி இருந்தேன்" என்று அம்மா ஆரம்பித்தால் அடங்க மாட்டாள். ஒரு பக்கம் அப்படிச் சொல்லிக்கொண்டே, "இந்த வேலையையும் விட்டுட்டு வந்து நிக்காதே" என்பாள் இன்னொரு பக்கம். போதும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கடை திறந்ததும் ஓர் அம்மாள் வந்தாள். "எங்க மருமகளுக்கு எடுக்கணும்மா. சைஸ் தெரியலை." சொல்லிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கிட்டத்தட்ட உன்னை மாதிரிதான். கொஞ்சம் பூசினாப்ல இருப்பா."

"இதோ எடுக்கிறேம்மா" என்று மேல் தட்டுக்குக் கையை நீட்டினாள். தட்டு சுற்றியது, அப்புறம் கடையே சுற்றியது.

கண் விழித்தபோது தெருக்கோடி கிளினிக்கில் கிடந்தாள். பக்கத்தில் நின்றது, வேறு யார், தராசேதான்.

"எடை பார்த்துத்தான் மருந்து போடணும். மெதுவா எழுந்து இதுல ஏறும்மா" என்றாள் நர்ஸ்.

இங்கேயும் மெஷினா! சூப்பர்வைசர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"அறுபத்திமூணு" என்றாள் நர்ஸ்.

"இல்லை சிஸ்டர்! காலையில ஐம்பத்தெட்டுதான் காட்டிச்சு. உங்க மெஷின் தப்பு!" என்று பதறினாள் அவள்.

"இது தப்பாக் காட்டாதும்மா. போன வாரம்தான் சரி பார்த்தாங்க." மருந்து எடுக்க நர்ஸ் வெளியே போனாள்.

அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். "அக்கா, கால்ல விழறேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த மாசத்துக்குள்ள எப்படியாவது குறைச்சிடறேன். இந்த வேலையும் போச்சுன்னா வீட்டுல நான் தலை காட்ட முடியாதுக்கா."

சூப்பர்வைசர் எட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அழாதே. நர்ஸ் சொன்னதுதான் சரி. தப்பு நம்ம கடை மெஷின்லதான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"அதுக்கு அடியில ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. நீங்க ஏறுறதுக்கு முன்னாடி நான் அதைத் திருகி அஞ்சு கிலோ குறைச்சு வச்சிடுவேன். நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து அப்படித்தான்."

"எல்லாருக்குமா?"

"பின்னே? இல்லேன்னா கவுண்டர்ல பொம்மைங்க மட்டும்தான் நிக்கும். நிம்மதியாச் சாப்பிட்டு வேலை பார்க்கட்டும்னு பண்ணினேன். யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதே."

"அப்புறம் ஏன்க்கா அப்படித் திட்டுறீங்க?"

"திட்டலேன்னா அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திடாதா? நேரா உள்ளே வந்து நின்னுடுவார்." சூப்பர்வைசர் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கன்னம் ஒட்டிக் கிடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "அது சரி, நீ கடைசியா எப்போடி சாப்பிட்டே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முந்தாநாள். அதுக்கு முன்னாடியும் பேருக்குத்தான். நீங்கதானேக்கா மாசாமாசம் வாயைத் தைச்சுக்கோன்னு சொன்னீங்க..."

சூப்பர்வைசர் பொத்தென்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி, அது அந்தாள் காதுல விழணும்னு சொன்னதுடி. நீ எதுக்குடி அதைக் கேட்டுத் தொலைச்சே?"