தெருமுனை வரைக்கும்

"யம்மா... மெதுவாத் தேயி!" என்று பாலகுரு அலறினார்.

வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி அவருடைய வலது முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்த முருகம்மாள் நிமிர்ந்து முறைத்தாள்.

"சர்க்கரை வந்தா ஊருல எல்லாரும் நடக்காக. நீங்க மட்டுந்தான் ஓடுறீக. இந்தக் காலும் போச்சுன்னா பட்டாசு லோடு எப்பிடி ஏத்துவீக? வீட்டுல ஒல எப்பிடிக் கொதிக்கும்?"

"ஓடுனா உடம்பு லேசா இருக்கு, முருகு."

"ஆமா, உடம்பு பறக்குது. காலுதான் நொண்டுது."

ஓட ஆரம்பித்த முதல் வாரமே அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. விருதுநகர் டாக்டர், "தார் ரோட்டுல ஓடாதீங்க, மண்ணுல ஓடுங்க. சின்னச் சின்ன எட்டா வச்சு ஓடுங்க. தொடைக்குப் பலம் வர்ற மாதிரி பயிற்சி பண்ணுங்க" என்று சொல்லி, முழங்காலில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்து அனுப்பினார். மனுஷன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கண்மாய்க்கரை மண்ணுக்கு மாறினார். ஆனாலும் தினமும் காலையில் நொண்டிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் முருகம்மாளுக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வரும். எப்படி ஓடிய கால்!

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் கிளம்பிய பிறகுதான் பாலகுரு தெருமுனையில் தெரிவார். வாயில் இட்லி, கையில் தூக்குவாளி, பித்தான் போடாத சட்டை. வேனில் இருக்கும் பெண்களெல்லாம் "விடாத, விடாத!" என்று கத்துவார்கள். முருகம்மாள் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். அவளுடைய தம்பி சிவபாண்டிதான் படியில் தொங்கியபடி கையை நீட்டி அவரை உள்ளே இழுத்துப் போடுவான். வேனே சிரிக்கும்.

இழுத்துப் போட்டவன் கம்பெனி வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் காலத்து ஓட்டமாவது திரும்பி வந்ததே என்று சந்தோஷப்பட்டிருந்தாள். அதற்கும் கண்பட்டுவிட்டது.

'கால் சரியாகட்டும் தாயே, உன் சன்னதியில் கால் உருவம் வாங்கி வைக்கிறேன்' என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை பாலகுரு பட்டையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பட்டை இல்லாமல் ஓடி, இருக்கிற காலையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று பதறி, அதை எடுத்துக்கொண்டு அவள் கண்மாய்க்குப் போனாள்.

கரையில் பாலகுரு கன்றுக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். நொண்டலைக் காணோம்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடாமல் ஒரு வேலிக்கருவேலத்தின் பின்னால் நின்றுகொண்டாள். அவர் கரையை விட்டு இறங்கி ஊரைப் பார்த்து ஓடினார். அவள் பின்னாலேயே எட்டி நடந்தாள். தெருமுனை வரைக்கும் அதே ஓட்டம். அங்கே நின்றார், வியர்வையைத் துடைத்தார், நொண்ட ஆரம்பித்தார்.

"ஏங்க!"

பாலகுரு திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நேத்து எண்ணெ தேச்சது வலது காலு. இன்னைக்கு இடது காலு நொண்டுது!"

அவர் அவசரமாகக் காலை மாற்றினார்.

"மாத்தாதீக! கண்மாய்லருந்து பாத்துக்கிட்டுதான் வாரேன். எம்புட்டு நாளா இந்தக் கூத்து? காலப் பிடிச்சுவிட ஆளு வேணும்னா சொல்ல வேண்டியதான? சாமிகிட்ட வேற நேர்ந்து வச்சிருக்கேன்!"

"கோவிச்சுக்காத, முருகு. வலி போயி ரொம்ப நாளாச்சு."

"பெறகு எதுக்கு நொண்டுனீக?"

பாலகுரு தெருவுக்குள் பார்த்தார்.

"மொத நாளு நான் ஓடி வந்த சத்தம் கேட்டு நீ வெளிய ஓடியாந்த. கையெல்லாம் மாவு. மூஞ்சில ரத்தமே இல்ல. 'வெடிச்சது எந்தக் கம்பெனி?'ன்னு கேட்ட."

முருகம்மாளுக்கு அப்படிக் கேட்டதே நினைவில்லை.

"நம்ம ஊருல வேற எதுக்கு ஓடுவாக? சும்மாதான் ஓடுறேன்னு சொன்ன பெறகும் அன்னைக்குப் பூரா நீ வாசலையே பாத்துக்கிட்டு இருந்த. உனக்காகத்தான் தெருவுக்குள்ள நடந்து வாரேன்னு சொன்னா, 'எனக்கென்ன, நீங்க ஓடுங்க'ன்னுதான் சொல்லுவ. அந்த நேரம் பாத்து மூட்டுவலி வந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"அதுக்காக இம்புட்டு நாளும் நடிக்கணுமா?"

பாலகுருவின் குரல் இறங்கியது.

"சிவபாண்டி போன அன்னைக்கு இந்தத் தெருவுல ஓடி வந்து உன்கிட்டச் சொன்னது நான்தான, முருகு."