சணல் முடிச்சு

"ரெண்டு கையும் நல்லா ஓடுமா?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி குருவம்மாளிடம் கேட்டிருந்தார். பிறகு அட்டை வெட்டும் இயந்திரம் அவளுடைய வலது கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு கேட்டு அவள் வழக்குப் போட்ட மறுவாரமே, அட்டைக் கட்டுகளுக்குச் சணல் முடிச்சுப் போடும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பெருக்கும் வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். "கேஸை வாபஸ் வாங்கு, வெளக்குமாறு தாரேன்" என்றார் மேஸ்திரி. சணலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். உதடு அறுந்ததே தவிர, முடிச்சு நிற்கவில்லை. விபத்தை நேரில் பார்த்த இசக்கிதான் அவளுக்கு ஒரே சாட்சி. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவளுடைய கட்டுகளுக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். "ஏட்டி, பல்லும் போயிரும். அதுக்கு வேற தனியா கேஸு போடுவியா?" என்று சிரிப்பாள். இன்று இசக்கியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருவம்மாளின் கட்டுகளை இழுத்துவைத்து ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டாள். அவரும் தடுக்கவில்லை. "நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவேல்லா?" என்று கேட்டாள் குருவம்மாள். இசக்கி கடைசி முடிச்சை இறுக்கினாள். மிச்சச் சணலைச் சுருட்டி குருவம்மாளின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.